இடிபாட்டின் உருவங்கள்: நெக் சந்தின் பாறைத் தோட்டச் சிற்பங்களில் பொருளும் நினைவும்

சண்டிகர் பாறைத் தோட்டம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் ஒரே பாராட்டில் வந்து நிற்கின்றன: குப்பை கலையானது என்பதே அது. சூழலியல் நோக்கில் இப்பாராட்டு தவறன்று. ஆயினும், அக்குப்பை யாருடையது என்னும் வினாவை அது எழவிடுவதில்லை. நெக் சந்தின் (1924–2015) சிற்பங்களைத் திறனாய்வு செய்வோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா அதுவேயாகும்.

பிரிவினையில் தம் ஊரை இழந்து இந்தியாவுக்கு வந்த நெக் சந்த், 1950களில் சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியேற்றார். லெ கொர்புசியேயின் திட்டப்படி நகரம் எழுவதற்காக 20-க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அகற்றப்பட்டன. அவ்விடிபாடுகளில் கிடந்த ஓடு, பீங்கான், உடைந்த வளையல் முதலியவற்றையும் சிவாலிக் அடிவாரத்தில் பொறுக்கிய கற்களையும் அவர் மிதிவண்டியில் கொணர்ந்து, கட்டடம் எழுப்பத் தடையிருந்த காட்டுப் பகுதியில் சேர்த்தார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் இப்பணி அரசின் கண்ணில் படவில்லை. 1976-இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஊரை இழந்த ஒருவர், ஊரிழந்த பிறருடைய புழங்குபொருள்களைக் கொண்டு மனிதரையும் விலங்குகளையும் வடித்தார் என்பதே இச்சிற்பங்களின் அடிப்படை உண்மை.

கண்டெடுத்த பொருளைச் சிற்பமாக்கியதற்கு மேலைக் கலை வரலாறு முன்வைக்கும் சான்று பிக்காசோவின் ‘காளைத் தலை’ (1942). மிதிவண்டியின் இருக்கையும் கைப்பிடியும் காளையாகின்றன. அவை இருக்கையாகவும் கைப்பிடியாகவும் தொடர்ந்து தெரிவதே அதன் சுவை. நெக் சந்திடமும் மிதிவண்டி உண்டு. ஆனால் அது உருவத்தின் உள்ளே எலும்பாகிச் சிமெண்டுக் கலவைக்குள் மறைந்துவிடுகிறது. வெளியே தெரிவது வளையல் துண்டு. ஒரு பெண்ணுருவின் மேனி முழுவதும் பதிந்துள்ள அத்துண்டுகள் ஆடையாகவும் தோலாகவும் ஒருங்கே தோன்றுகின்றன. ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு கையில் கிடந்தது என்னும் எண்ணத்தைப் பார்வையாளர் தவிர்க்க இயலாது. பிக்காசோவின் பொருள் வியப்பூட்டுகிறது. நெக் சந்தின் பொருள் சாட்சியாக நிற்கிறது.

இவ்வுருவங்கள் தனித்து நிற்பதில்லை என்பதும் கருதத்தக்கது. வரிசை வரிசையாக, ஏறத்தாழ ஒரே முகத்துடன், பார்ப்பவரை நோக்கி நிற்கின்றன. இவ்வொற்றுமையைப் பயிற்சியின்மையின் குறையாகக் கொள்வோர் உளர். 1972-இல் ரோஜர் கார்டினல் வழக்கிற்குக் கொணர்ந்த ‘புறத்தார் கலை’ என்னும் வகைப்பாட்டில் நெக் சந்தை அடக்குவதும் இதன் தொடர்ச்சியே. அவ்வகைப்பாடு அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது; ஆனால், அரசுத் துறை ஊழியராக நகர உருவாக்கத்தின் உள்ளிருந்தே அவர் பணியாற்றினார் என்பதை மறைத்தும்விட்டது. ஒரே முகம் என்பது ஊரார் கூட்டத்தின் முகம். அதனைத் தனிமனித உருவச்சிலைக்குரிய அளவுகோலால் அளப்பது பொருந்தாது.

தோட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தன அல்ல. அரசு ஊதியமும் ஆட்களும் கிடைத்தபின் விரிந்த மூன்றாம் கட்டத்தில், பெரிய வளைவுகளும் அவற்றில் தொங்கும் ஊஞ்சல்களும் முதன்மை பெறுகின்றன. மக்கள் அங்கு மகிழ்கின்றனர் என்பது மெய்யே. எனினும் முற்பகுதியின் குறுகிய வழிகளில் கிடைக்கும் நெருக்கம் அங்கு இல்லை.

1990-இல் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க முயன்றபோது மக்களே திரண்டு தடுத்தனர். 1996-இல் நெக் சந்த் வெளிநாடு சென்றிருந்த வேளையில் சிற்பங்கள் பல சிதைக்கப்பட்டன. அருகிலுள்ள காபிடல் வளாகம் 2016-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நகரின் இடிபாட்டிலிருந்து பிறந்த தோட்டம் அப்பதிவில் இல்லை. எனவே பாதுகாப்புச் சிக்கல் கூர்மையடைகிறது. உதிர்ந்த வளையல் துண்டுக்கு ஈடாகக் கடையில் வாங்கிய புதுவளையலை உடைத்துப் பதித்தால் நிறம் பொருந்தும். ஆனால் அவ்விடத்தில் எவர் கையும் இராது. இச்சிற்பங்களைப் பழுதுபார்ப்போர், துண்டு எங்கிருந்து வந்தது என்பதையும் பதிவுசெய்தாக வேண்டும்.