வரிசையும் தற்காப்பும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

ஆங்கிலத்தில் 'மார்ஷியல் ஆர்ட்ஸ்' என வழங்குவதைத் தமிழில் நாளிதழ்களும் பள்ளிகளும் அரசு அறிவிப்புகளும் 'தற்காப்புக் கலை' என்றே பெரும்பாலும் எழுதுகின்றன. 'போர்க்கலை' என்னும் சொல்லும் உண்டெனினும், அது வரலாற்று நூல்களுக்கு உரியதாக ஒதுங்கிவிட்டது. அண்டை மொழிகளோடு ஒப்பிடுகையில் இத்தேர்வு தனித்து நிற்கிறது. கன்னடம் 'சமரகலெ' என்கிறது. மலையாளம் 'ஆயோதனகல' என்கிறது. தெலுங்கு 'யுத்தகள' என்கிறது. மூன்றும் போரைப் பெயரிலேயே வைத்துள்ளன. ஆங்கிலச் சொல்லிலும் உரோமரின் போர்க்கடவுளாகிய மார்சின் பெயர் அடங்கியுள்ளது. தமிழோ போரை நீக்கிவிட்டுத் தற்காப்பை அவ்விடத்தில் அமர்த்தியுள்ளது. இதனை மொழிபெயர்ப்பு என்பதைவிட நன்னடத்தைச் சான்று என்பதே பொருந்தும். கற்பவர் தாமாகப் பிறரைத் தாக்கார் என்னும் உறுதிமொழி சொல்லுக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. அவ்வுறுதிமொழி எதனை மறைக்கிறது, எங்கே இடர்ப்படுகிறது என்பதை, தமிழும் கன்னடமும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் கோலார் தங்கவயலை முன்வைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

தங்கவயலில் தற்கால முறைச் சுரங்கத் தொழிலை ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880களில் நிலைபெறச் செய்தனர். பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் அது 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளருள் தமிழரே மிகுதி. அவருள்ளும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரே பெரும்பகுதியினர். அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களை மாரிகுப்பத்துச் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டதும், அவர் மறைவுக்குப் பின்னர்த் 'தமிழன்' இதழை அப்பாதுரையார் இங்கிருந்து நடத்தியதும் தமிழ் இதழியல் வரலாற்றில் நன்கறியப்பட்டவை. எழுத்துத் தமிழுக்கு இத்துணைப் பங்களித்த ஊரின் பேச்சுத் தமிழ், ஆட்சிமொழியும் கீழமை நீதிமன்ற மொழியும் கன்னடமாக இருப்பதால், மொழிபெயர்ப்பின் வழியாகவே அலுவல் ஏடுகளுள் நுழைகிறது. உயர்நீதிமன்றம் வரை செல்ல நேரின் அங்கே ஆங்கிலமும் காத்திருக்கிறது. குடியேறியோரின் தாயூர்களான வட தமிழகச் சிற்றூர்களில் கோயில் ஊர்வலத்திலும் சாவூர்வலத்திலும் பறை முழக்கத்தோடு கம்பு சுற்றும் வழக்கம் நெடிது. ஆகவே ஆடுகளத்துச் சொற்கள் இம்மும்மொழிப் பாதையில் என்னவாகும் என்னும் வினா வெறும் கற்பனை வினா அன்று.

முதற்கண், சிலம்பத்தோடு கூடி வரும் வினைகளை நோக்கலாம். சிலம்பம் ஆடுவர், விளையாடுவர், சுற்றுவர், வீசுவர், பழகுவர். 'சிலம்பம் சண்டையிட்டான்' எனத் தமிழறிந்தார் எவரும் கூறார். கற்பிப்பவர் வாத்தியார் அல்லது ஆசான், கற்கப்படுவது பாடம், பாடம் நடைபெறும் முறை வரிசை. குத்துவரிசை, பிடிவரிசை என்னும் தொடர்களில் வரும் 'வரிசை'யை ஆங்கிலத்தில் 'வரிசையாக நிற்றல்' என்னும் பொருள்படப் பெயர்த்துவிடுவோர் உளர். இசை பயின்றவர்க்கு இப்பிழை நேராது. சரளிவரிசை, ஜண்டைவரிசை என இசை மாணவர் தொடக்கத்தில் பயில்வனவும் வரிசைகளே. எளியதிலிருந்து அரியதற்கு ஒழுங்குற ஏறிச் செல்லும் பாடத்தொகுதி என்பதே இரண்டிடத்தும் பொருள். கன்னடத்தில் இதே சொல் 'வரசெ' என நின்று, 'சரளெ வரசெ' என இசைக்கும், 'கத்திவரசெ', 'தொண்ணெவரசெ' என வாளுக்கும் தடிக்கும் ஆகிவருகிறது. 'அடவு' என்பது நாட்டியத்துக்கும் கம்புக்கும் பொதுவாதலும் இவ்வாறே. இச்சொற்களுள் ஒன்றேனும் எதிரியைச் சுட்டவில்லை; தாக்குதலையும் சுட்டவில்லை, தற்காத்தலையும் சுட்டவில்லை. கற்கும் முறையைப் பெயராக்குவதே மரபு வழக்கு. கற்பதன் பயனைப் பெயராக்கியது புதுவழக்கு. இரண்டிற்கும் உள்ள இவ்வேறுபாடு பெரிதும் கவனிக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

பழைய தமிழ்–ஆங்கில அகராதிகள் சிலம்பத்துக்கு 'ஃபென்சிங்' என்று பொருள் தந்தன. ஐரோப்பிய வாள்விளையாட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அப்பொருளில் கம்பு மறைந்துபோயிற்று. ஆயினும் அதனை இகழ்வதற்கில்லை. பயிற்சியும் ஆட்டமும் ஒழுங்கும் உடையதொன்று என்னும் அளவிலாவது அது 'தற்காப்'பைக் காட்டிலும் உண்மைக்கு அணித்தாக நின்றது.

எழுத்துமுறையால் நேரும் மயக்கம் ஒன்றும் இங்கே சுட்டத்தக்கது. கன்னடத்தில் உடற்பயிற்சிக் கூடம் 'கரடி', 'கரடிமனெ' எனப்படும். அச்சொல்லின் முதலெழுத்து ஒலிப்புடைய ககரம். விலங்கைக் குறிக்கும் கன்னடச் சொல்லின் முதலெழுத்தோ ஒலிப்பிலாக் ககரம். கன்னட எழுத்தில் இவை இருவேறு சொற்கள்; தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழிலும் 'கரடிக்கூடம்' என்பது மல்லும் சிலம்பமும் பழகுமிடம். 'கரடிவித்தை' என்பது அங்கே பயிலும் வித்தை. இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் கரடியை ஆட்டி வித்தை காட்டும் ஒருவரை வாக்கியத்துள் கொண்டுவந்து நிறுத்துவது எளிது. மலையாளக் 'களரி', தமிழ்க் 'களம்' ஆகியவற்றோடு இச்சொல்லையும் உறவுபடுத்திக் காண்போர் உண்டு. அவ்வுறவு எவ்வாறாயினும், தங்கவயல் போன்ற எல்லைப் பகுதித் தமிழை எழுத்தாக்கும்போது சூழலை ஓரிரு சொற்களிலேனும் தராவிடின் இம்மயக்கம் நீங்காது.

ஆட்டமுறைகளின் பெயர்கள் இன்னும் வளமானவை. குறவஞ்சி, துளுக்காணம், நாகம் பதினாறு, கள்ளப்பத்து, பனையேறி மல்லு எனச் சிலம்ப ஆசான்கள் கூறும் பட்டியல் நீள்கிறது. குறவஞ்சி என்றதும் நமக்குச் சிற்றிலக்கியம் நினைவுக்கு வருகிறது. துளுக்காணமோ வட தமிழகத்தில் ஆட்பெயராகவும் அம்மன் பெயராகவும் வழங்குவது. இவற்றைப் பொருள்பெயர்த்து எழுதப் புகுவது வீண்வேலை. ஆனால் 'ஸ்டைல்' என்னும் ஒரே சொல்லுக்கு ஈடாகப் 'பாணி' என எங்கும் எழுதிச் செல்வதும் போதாது. வட சென்னைக் குத்துச்சண்டையாளர் 'பரம்பரை' என்று கூறுவது குருதிவழி வருவதன்று, பயிற்சிவழி வருவது; அதற்குள் முறையும் உண்டு, வாத்தியாரிடம் காட்டும் விசுவாசமும் உண்டு. 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தால் அச்சொல் பிற பகுதித் தமிழர்க்கும் அறிமுகமாயிற்று. ஆங்கில விளையாட்டு ஒன்று தமிழுக்கு வந்து தனக்கெனத் தமிழ்ச் சொற்களை ஆக்கிக்கொண்டதற்கு அது நல்ல சான்று.

இனித் 'தற்காப்பு' என்னும் சொல்லுக்கு வரலாம். தற்காத்தல் பழஞ்சொல்லே. வாழ்க்கைத் துணைநலம் கூறும் அதிகாரத்தில் வள்ளுவர் அதனை ஆள்கிறார். பரிமேலழகர் அதற்குக் கற்பினின்றும் வழுவாமல் தன்னைக் காத்தல் என்னும் பொருள்பட உரை காண்கிறார். அஃது ஒழுக்கம் பற்றியது, அடிதடி பற்றியதன்று. இன்று அச்சொல் மூன்று சுமைகளைத் தாங்குகிறது. கராத்தே, குங்ஃபூ, சிலம்பம் அனைத்துக்கும் பொதுப்பெயர் என்பது ஒன்று. தாக்கப்படுபவர் தம்மைக் காத்துக்கொள்ளும் செயல் என்பது மற்றொன்று. சட்டம் வழங்கும் உரிமை என்பது மூன்றாவது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் வகுத்த உரிமையை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் வகுக்கின்றன. இவ்வுரிமை எல்லையுடையது. காத்துக்கொள்வதற்குத் தேவையான அளவினும் மிகுதியாகத் தீங்கிழைக்க அது இடந்தருவதில்லை. அரசின் காவலை நாட நேரமிருப்பின் உரிமையே எழுவதில்லை. 'தற்காப்புக் கலை' கற்றவர் என்பதால் ஒருவரது அடி 'தற்காப்பு' ஆகிவிடாது என்பது சட்டமறிந்தார்க்கு வெளிப்படை. தமிழில் படிப்பவர்க்கோ ஒரே சொல் இரண்டையும் ஒன்றெனக் காட்டுகிறது.

இதன் மறுபக்கம் நீதிமன்றத்தில் புலப்படும். ஊர்வலத்தில் எழுந்த கைகலப்பு வழக்கொன்றில் தங்கவயல் சாட்சி ஒருவர், குற்றஞ்சாட்டப்பட்டவர் 'தற்காப்புக் கலை பழகியவர், அன்று கம்பு விளையாடினார்' எனத் தமிழில் கூறுவதாகக் கொள்வோம். கன்னடப் பதிவில் தற்காப்புக் கலை வழக்கமான ஈட்டின்படி 'சமரகலெ' ஆகுமாயின், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போரில் பயிற்சி பெற்றவர் என்னும் சாயலோடு அது சென்று சேரும். சாட்சி வழங்கிய நன்னடத்தைச் சான்று, இரண்டு பெயர்ப்புகளுள் எதிர்ச்சான்றாகிவிடும். 'கம்பு' கன்னடத்தில் 'கோலு' ஆகலாம், 'தொண்ணெ'யும் ஆகலாம், பின்னது தடி. 'விளையாடினார்' என்பதைக் காக்க எண்ணிக் 'கோலாட்டம்' என எழுதினால் மகளிர் கும்மியோடு ஒப்பவைத்த ஆடல் வந்துவிடும். கலகக் குற்றத்தின் கடுமையை, கையிலிருந்தது கொல்லும் ஆயுதமா, ஆயுதமாகப் பயன்படுத்தினால் சாவு நேரக்கூடிய பொருளா என்னும் வினா கூட்டுகிறது. இவ்விடத்தில் சொல் தேர்வு நடையழகு பற்றிய சிக்கலாக நின்றுவிடுவதில்லை. ஒருவர் சிறையிலிருக்கும் ஆண்டுகளைப் பற்றியதாகிறது. 'வீடு கட்டுதல்' என்பதும் இத்தகையதே. சிலம்பத்தில் அது கம்பைச் சுழற்றித் தன்னைச் சுற்றி அரண் அமைத்தல். பேச்சு வழக்கில் 'வீடு கட்டி அடித்தான்' என்றால் தப்பவிடாது புடைத்தான் என்று பொருள். ஒரே தொடர் ஓரிடத்தில் காப்பாகவும் ஓரிடத்தில் தாக்குதலாகவும் நிற்க, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் கொத்தனாரைத்தான் காண்பார்.

தங்கவயல் அண்மைக் காலத்தில் நாடறிந்த சண்டைக்களமானது திரைப்படத்தால். 2018இலும் 2022இலும் வெளிவந்த 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படங்கள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் குரல்மாற்றம் செய்யப்பட்டன. சுரங்க மக்களைப் பெயரற்ற அடிமைக் கூட்டமாகக் காட்டி, அடிக்கும் ஆற்றலை வெளியிலிருந்து வரும் நாயகன் ஒருவனிடமே குவிக்கும் அப்படத்தில், அவ்வூர்த் தமிழர் தம் மொழியைக் குரல்மாற்றத்தின் வழியாகவே கேட்க நேர்ந்தது. தம் ஊர், தம் மொழிக்கு மொழிபெயர்ப்பாக வந்து சேர்ந்த இந்நிலை மொழிபெயர்ப்பியலார் ஆராய வேண்டியது. 2024இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' அதற்கு எதிர்த்திசையில் சென்று, வட ஆர்க்காட்டிலிருந்து பொன் தேடிச் செல்லும் மக்களை அவர்தம் பேச்சோடு முன்னிறுத்தியது. அப்படத்துக்காக நடிகை மாளவிகா மோகனன் சிலம்பம் பயின்றார். எனினும் பயிற்சிக்களமும் ஆசானும் அதன் பொருளல்ல. ஆதலின் உடல் மீண்ட அளவுக்குச் சொல் மீளவில்லை. இஃது இயக்குநர்மேல் குறையாகக் கூறப்படுவதன்று. சொல்லை மீட்பது அகராதியாளரின் கடன்.

அக்கடனுக்கு முன்மாதிரி உண்டு. களரிப்பயிற்றை ஆராய்ந்த பிலிப் சரில்லி 1998இல் வெளியிட்ட தம் நூலில் 'மெய்ப்பயிற்று', 'அங்கத்தாரி' முதலிய மலையாளச் சொற்களை அப்படியே ஆண்டு, உடன் விளக்கம் தந்து செல்கிறார். படிப்பவர் சில பக்கங்களில் பழகிவிடுகிறார். கராத்தேயும் தன் சொற்களை விட்டுக்கொடுக்கவில்லை. 'சீனக் கை' எனப் பொருள்பட்ட தன் பெயரை 1930களில் 'வெறுங்கை' என மாற்றிக்கொண்டபோதும் ஒலியை மாற்றவில்லை. 'கட்டா' இன்றும் எம்மொழியிலும் கட்டாவே. தமிழ் வகுப்பறைகளில் கட்டாவைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனைத் தமிழ்ப்படுத்த விழையின் 'வரிசை' கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. இனி விதிநூல்களும் நடுவர் குறிப்புகளும் பல மொழிகளில் எழுதப்படும். அவற்றை எழுதுவோர் வரிசை, அடவு, வீடு ஆகியவற்றைப் பெயர்க்காமல் நிறுத்துவது நலம். கன்னடத்துக்குப் பெயர்ப்பவர்க்கு அச்சிரமமும் இல்லை. 'வரிசை'யை 'வரசெ' என எழுதினாலே போதும், கேட்பவர்க்குக் கத்திவரசெ நினைவுக்கு வரும். தமிழிலிருந்து கன்னடத்துக்குச் செல்லும் இந்நேர்வழி இருக்க, 'தற்காப்'பிலிருந்து 'சமர'த்துக்கு நாம் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறோம்.