இது கலப்பிசையன்று: ஓர் எழுத்தாளரின் இசைத்தட்டு

நாவலாசிரியர் ஒருவர் தம் நாற்பத்தைந்தாம் அகவையில் இசைத்தட்டு ஒன்றை வெளியிடுவாராயின், உலகம் அதனை இருவகையாக நோக்கும். ஒருசாரார் அதனை ஓய்வுநேர விளையாட்டென்று புறந்தள்ளுவர். மற்றொருசாரார் எழுத்திற் பெற்ற புகழையே முதலாகக் கொண்டு பாட்டையும் பாராட்டிவிடுவர். இரு சாராரும் செவியைப் பயன்படுத்தினாரல்லர். வங்காளத்தவராகிய அமித் சௌதுரி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'திஸ் இஸ் நொட் ஃபியூஷன்' என்னும் இசைத்தட்டு இவ்விருவகைத் தீர்ப்பினின்றும் விலக்கி ஆராயத்தக்கது. 'இது கலப்பிசையன்று' என்பது அப்பெயரின் பொருள். தன் பெயரிலேயே ஒரு வழக்கைத் தொடுத்துக்கொண்டு வரும் இசைத்தட்டு அரிது. அவ்வழக்கு வெல்லுகின்றதா என்பதே ஈண்டு நாம் கேட்கவேண்டிய வினா.

சௌதுரி 1962இல் கல்கத்தாவிற் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். இலண்டனிலும் ஒக்ஸ்போட்டிலும் ஆங்கில இலக்கியம் பயின்று, டி. எச். லோரன்சின் கவிதைகளை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். முதல் நாவல் 1991இல் வெளிவந்தது. 2002இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. இவை யாவரும் அறிந்தவை. அவர்தம் இசைவாழ்வு அத்துணை அறியப்படாதது. அன்னையார் விஜயா சௌதுரி இரவீந்திரரின் பாடல்களைப் பாடுவதிற் பெயர்பெற்றவர். மகனோ பள்ளிப் பருவத்திலே கிற்றாரை மீட்டித் தாமே ஆங்கிலத்திற் பாட்டுக்கட்டிப் பாடும் அமெரிக்க மரபில் மூழ்கியிருந்தார். பதினாறு அகவையளவில் அதனைத் துறந்து, அன்னையாரிடமும் பண்டிதர் கோவிந்த பிரசாத் ஜெய்ப்பூர்வாலேயிடமும் இந்துஸ்தானி இசை பயிலலானார். அவர் பாடிய மரபிசையை எச்.எம்.வி. நிறுவனம் முன்னரே பதிவுசெய்து வெளியிட்டுமுள்ளது. ஆகவே எழுத்தை விட்டு இசைக்கு வந்தவர் என்று அவரைக் கூறுதல் பொருந்தாது. துறந்த மேனாட்டுப் பாட்டு, கற்ற இராகம், எழுதிய உரைநடை ஆகிய மூன்றும் ஒரு செவியிலே தங்கியிருந்தன என்பதே உண்மை.

அம்மூன்றும் ஒன்றையொன்று கண்டுகொண்ட வரலாறு சுவையானது. 1999இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு மீண்ட பின்னர், ஒருநாட் காலை தோடி இராகத்தைச் சாதகம் செய்துகொண்டிருந்த அவர் செவியில், அவ்விராகத்தின் சில சுரங்களினிடையே 'லெய்லா' என்னும் ரொக் பாட்டின் கிற்றார்ச் சொற்கட்டு ஒலித்ததாம். எரிக் கிளப்டனும் அவர்தம் குழுவினரும் 1970இல் வெளியிட்ட பாட்டு அது. அதன் பெயர், பாரசீகக் கவிஞர் நிஜாமி 12ஆம் நூற்றாண்டிற் பாடிய லைலா மஜ்னூன் கதையினின்று எடுக்கப்பட்டது. கிழக்கிலிருந்து மேற்குச் சென்ற பெயர், சுரத்தோடு மீண்டும் கிழக்கே வந்து சேர்ந்தது போலும்!

இது வெறும் மனமயக்கமா, அன்றி இசைநூல் ஒப்பும் உண்மையா? சுரங்களை எண்ணிப் பார்ப்பின் ஐயம் நீங்கும். முதற்கண் ஒன்று: வடநாட்டார் தோடி என்பது நம் கருநாடகத் தோடியன்று; அது நம் சுபபந்துவராளிக்கு இணையானது. அவ்விராகத்தைப் பாடுவோர் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பலவிடங்களில் விலக்கி, ரி க ம த நி என்னும் ஐந்து சுரங்களாலேயே சஞ்சாரம் செய்வர். 'லெய்லா'வின் தொடக்கச் சொற்கட்டு ஏழு ஒலிகளாலானது. அதனைத் தோடியின் சுரங்களில் இட்டுப் பார்த்தால் க, ம, த, நி, த, ம, த என வருகின்றது. காந்தாரத்தில் எழுந்து தைவதத்தில் அமர்கின்றது. தோடியின் வாதி சுரம் தைவதம். சம்வாதி சுரம் காந்தாரம். எனவே அந்தக் கிற்றார்ச் சொற்கட்டு இராகத்தின் இரு தூண்களையுமே பற்றிக்கொண்டு நிற்கின்றது. கிற்றாரின் சமப்படுத்திய சுருதிக்கும் தோடிக் காந்தாரத்தின் தாழ்ந்த சுருதிக்கும் வேற்றுமை உண்டென்பது மெய்யே. ஆயினும் சுரங்களின் இடைவெளி அமைப்பு ஒன்றே. சௌதுரி கேட்டது கற்பனையன்று; அங்கே உள்ளதையே அவர் கேட்டார்.

இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு நினைவு எழாமற் போகாது. அந்த ஐந்து சுரங்களில் ஒவ்வொன்றையும் முறையே ஆதார சட்ஜமாகக் கொண்டு பாருங்கள். ரிஷபத்தைக் கொண்டால் மத்தியமாவதி. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். மத்திமத்தைக் கொண்டால் சுத்தசாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்ததன்யாசி. நிஷாதத்தைக் கொண்டால் மோகனம். இதுவே பண்ணுப்பெயர்த்தல். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே எழுவர் மகளிர் நரம்புகளின் பெயர்பூண்டு வட்டமாக நின்றதன் உட்பொருளும் இதனோடு இயைந்தது. இக்கல்லூரியின் வளர்ச்சியிற் பெரும்பங்கு கொண்ட விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலிற் பாலைத்திரிபியல் என ஓர் இயலையே இதற்கென வகுத்தார். ஆங்கில இலக்கியமும் அறிவியலும் தமிழும் ஒருங்கு கற்ற அடிகளார், எழுத்தில் மட்டும் எஞ்சியிருந்த ஒரு நூற்குறிப்பினின்று மறைந்துபோன கருவியின் ஒலியை மீட்க முயன்றார். சௌதுரியின் முயற்சி அத்துணைப் பெரிதன்று. ஆயினும் இருவரிடத்தும் உள்ள பண்பு ஒன்று: படிக்கும் பழக்கமுடைய செவி. இரண்டு வேறு நூல்களில் ஒரே சொல்லாட்சியைக் கண்டு நிற்கும் படிப்பாளியைப் போல, இரண்டு வேறு பாட்டுகளில் ஒரே சுர ஆட்சியைக் கண்டு சௌதுரி நின்றார்.

இதனால்தான் 'கலப்பிசையன்று' என்னும் மறுப்புப் பொருளுடையதாகின்றது. கலப்பிசை எனப்படுவதில் இரண்டு தரப்பினர் உளர். சித்தாரோ தபேலாவோ கீழைநாட்டின் தூதுவராய் ஒருபுறம் அமரும். கிற்றாரும் டிரம்மும் மேலைநாட்டின் தூதுவராய் மறுபுறம் நிற்கும். சிறிது நேரம் கைகுலுக்கிப் பிரியும். அத்தகைய நிகழ்ச்சிகளில் இருவரும் தத்தம் எல்லையை விட்டு அசைவதில்லை. பம்பாயில் வளர்ந்த ஓர் இளைஞனின் செவியிலோ அவ்வெல்லை என்றுமே இருந்ததில்லை. இது நமக்கு அயலான செய்தியன்று. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் கபிரிஞ்ஞா ஆட்டத்தையும் பாட்டையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளனர். போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற தாளமும் வயலினும் கூடிய அவ்விசைக்குக் கலப்பிசையென்று பெயரிட எவரும் முற்பட்டிலர். அவர்களுக்கு அது வீட்டுப்பாட்டு. நம் துறைமுகத்தில் ஆங்கிலேயக் கடற்படை 1957வரை நிலைகொண்டிருந்தது. துறைமுக ஊரின் செவி இன்னின்ன ஒலி இன்னின்னாருக்குரியது என்று வேலியிட்டுக் கேட்பதில்லை.

சௌதுரியின் நாவல்களை அறிந்தோர்க்கு இவ்விசைத்தட்டு வியப்பளிக்காது. 1993இல் வந்த 'ஆஃப்டர்நூன் ராக்' நாவலில் ஒக்ஸ்போட் மாணவன் ஒருவனின் நாட்கள், பம்பாயில் அன்னையும் குருவும் பாடிய நினைவுகளோடு மாறிமாறி வருகின்றன. கதை முன்னேறுவதேயில்லை என்று குறைகூறுவோர் உளர். ஆலாபனையிற் கதை எங்கே முன்னேறுகின்றது? ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் ஒளியை வெவ்வேறு கோணத்திற் காட்டுவதே அங்கு வளர்ச்சி. 2009இல் வெளியான 'தி இம்மோர்ட்டல்ஸ்' இசை ஆசிரியர் ஒருவரையும் செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவனையும் பற்றியது. கலை பிழைப்பாகும்போது நேரும் சங்கடங்களை அதுபோல நுட்பமாகக் காட்டிய ஆங்கில நாவல்கள் சிலவே. 2021இல் வந்த 'ஃபைண்டிங் த ராகா' என்னும் உரைநூல் இவையனைத்துக்கும் உரையாசிரியர் உரை போன்றது. எம் கருத்தில், இசைத்தட்டை முதலிற் கேட்டுப் பின்னர் அந்நூலைப் படிப்போரே நற்பேறுடையோர்.

எழுத்தாளர் பாடகராதல் பிறநாடுகளிலும் நிகழ்ந்ததே. ஒப்புநோக்கத் தக்கவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான கில் ஸ்கொட்-ஹெரன். இளமையிலேயே நாவலும் கவிதையும் எழுதிய அவர், 1970இலே தம் முதல் நாவலையும் முதல் இசைத்தட்டையும் வெளியிட்டார். அம்முதற்றட்டில் அவர் செய்தது பெரும்பாலும் முழவொலியினிடையே கவிதை சொல்லுதல். பியானோ வாசித்துப் பாடிய பாட்டுகளும் உண்டு. அடுத்த ஆண்டு வந்த 'பீசஸ் ஒஃப் எ மேன்' தட்டில் ஜாஸ் வாத்தியக்காரர் துணைநிற்க முழுப்பாடகராகவே வெளிப்பட்டார். அவர் சொல்லைக் கொண்டுசென்று இசையில் ஏற்றினார். சொல்லவேண்டிய சினமும் துயரமும் அவரிடம் மிகுதியாக இருந்தன. ஏட்டிலே படிப்போர் சிலர், தெருவிலே கேட்போர் பலர் என்பதையும் அவர் அறிந்திருந்தார். சௌதுரியின் வழி இதற்கு மாறானது. அவர் இசைக்குச் சொல்லைக் கொணரவில்லை. இசையிற் கேட்ட உறவையே பொருளாகக் கொண்டார்.

இதுவே அவர்தம் வலிமை. குறையும் இதிலேயே உள்ளது. இருவகை இசையும் கேட்டுப் பழகாதவனுக்கு அவ்வுறவு புலப்படாது. தோடியை மட்டும் அறிந்தவன் கிற்றாரைக் கேட்டு முகஞ்சுளிப்பான். 'லெய்லா'வை மட்டும் அறிந்தவன் ஆலாபனை எப்பொழுது முடியுமென்று காத்திருப்பான். கவிதைக்கு உரை எழுதலாம். பாட்டுக்கு நடுவே உரை சொல்லவியலாது. மேலும், உறவு ஒருமுறை வெளிப்பட்ட பின்னர் அதனை எங்கே கொண்டுசெல்வது என்பது கடினமான வினா. கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி பெரிது. அதனைத் தொடரும் விரிவு சிலவிடங்களில் அத்துணைச் செறிவுடையதன்று. ஆலாபனையிற் காட்டும் பொறுமையை அவர் வாத்தியக்குழுவினிடத்தும் வேண்டியிருக்கலாம். இம்முயற்சியில் அவர் எடுத்தாண்ட மற்றொரு பாட்டாகிய 'சம்மர்டைம்', ஜோர்ஜ் கேர்ஷ்வின் 1935இல் அரங்கேறிய 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகத்துக்கு இயற்றிய தாலாட்டு. அதன் மெட்டுப் பெரும்பாலும் சுத்ததன்யாசிக்கு நெருங்கிய ஐந்து சுரங்களிலேயே நடப்பது. அஃதாவது, மேலே கண்ட அதே குடும்பம். தாலாட்டு யாவர்க்கும் பொதுவாதலின், இங்கே இருமரபும் அறியாதவனும் மயங்குவான். பிரித்தானியாவில் இத்தட்டைப் பேபல் என்னும் ஜாஸ் நிறுவனம் வெளியிட்டதும் பொருத்தமே. கேட்ட மெட்டைத் தன் செவிக்கேற்பத் திருப்பிப் பாடுதல் ஜாஸின் அடிப்படை இயல்பன்றோ?

நம் ஊரவர் தோடியை அணுகுதற்கு வேறொரு வாயிலும் உண்டு. பிரட்றிக் கோட்டையினுள், கடலை நோக்கிய பாறையின்மேல் வீற்றிருக்கும் கோணேசப் பெருமானைத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. அதன் பண் புறநீர்மை. ஓதுவார்கள் அதனைப் பூபாளத்தில் ஓதுவது வழக்கு. பூபாளத்தின் சுரங்கள் ச ரி க ப த என ஐந்து. வடநாட்டார் இதனைப் பூபால் தோடி என்று பெயரிட்டுத் தோடிக் குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர். தோடியிற் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விலக்கியபோது சௌதுரிக்குக் கிற்றார்ப் பாட்டுக் கேட்டது. அதே தோடியில் மத்திமத்தையும் நிஷாதத்தையும் விலக்கினாற் கோணமலைப் பதிகத்தின் பண் கேட்கும். இரண்டும் காலைப்பொழுதுக்குரியவை.