'ஜகாட்' – நம் வீட்டை நோக்கிய வினா

திரைப்படம் என்றால் தமிழகத்திலிருந்து வந்திறங்கும் சரக்கு என்றே மலேசியத் தமிழருள் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். தம் வாழ்வும் படமாகத் தகும் என்னும் நினைவே அவர்க்கு எழவில்லை. அம்மயக்கத்தைக் கலைத்தவருள் ஒருவர் சஞ்சய் குமார் பெருமாள். பட முதலாளிகளின் தயவை நம்பாது, பல்லாண்டு முயன்று, 2015 டிசம்பரில் அவர் வெளியிட்ட முதல் முழுநீளப் படமே 'ஜகாட்'.

பெயரே ஒரு சாட்டை. 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தீயது என்று பொருள். நம்மவர் நாவில் அது ஜகாட் ஆயிற்று. பிள்ளையைத் திட்ட எடுக்கும் சொல்லையே படத்துக்குச் சூட்டினார் இயக்குநர்.

கதை நிகழும் ஆண்டு 1991. தோட்டத்தை விட்டுப் புறம்போக்கில் குடியேறிய சகோதரர் மூவர். ஒருவர் குண்டர் கூட்டத்தில் சேர்ந்தவர். ஒருவர் போதையால் சீரழிந்தவர். மூன்றாமவர் மணியம், உழைத்துப் பிழைப்பவர். தம் மகன் அப்போயாவது படித்து உயர வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அவர் அறிந்த கருவியோ பிரம்பு ஒன்றே. கற்பனை மிகுந்த அச்சிறுவனை வீடும் அறியவில்லை, பள்ளியும் அறியவில்லை. அவனை மதிக்கும் இடம் குண்டர் கூட்டமாக இருப்பின், அவன் வேறெங்கே செல்வான்?

கெடா வாசகர்க்கு இஃது அயலார் கதையன்று. பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் (1942–2020), 1981-இல் ஆங்கிலத்தில் 'தி ரிட்டர்ன்' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் வரும் ரவி, பள்ளிக்கூடத்தின் வழியே மேலேறினான். ஒரு தலைமுறைக்குப்பின் வந்த அப்போய்க்கோ அவ்வழியே அடைபட்டது. இடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை இழந்தோர் நகர ஓரங்களில் ஒதுங்கினர். 1996-இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் எழுந்தது. அங்கே நுழையக் கல்வி வேண்டும். கல்வியே கைவிட்டவனுக்கு அதனால் யாது பயன்?

2016-இல் மலேசியத் திரைப்பட விழாவினர், தேசிய மொழியில் அமையாத படம் என்று 'ஜகாட்'டைத் தனிப் பந்தியில் அமர்த்த முற்பட்டனர். எதிர்ப்பு எழுந்தது, ஒளிப்பதிவாளர் முகமது நோர் காசிம் தாம் பெற்ற விருதுகளைத் திருப்பியளித்தார். அவர் தமிழரல்லர் என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். முடிவில், மொழி வேறுபாடின்றி வழங்கப்பெற்ற சிறந்த மலேசியப் படத்திற்கான விருதை 'ஜகாட்' வென்றது.

குறையும் உண்டு. அடிக்கும் தந்தையின் துயரம் நமக்கு விளங்குகிறது; அவ்வீட்டுப் பெண்ணின் மனமோ போதிய அளவு விளங்கவில்லை. தோட்ட வாழ்வின் பாதிச் சுமையைத் தாங்கியவள் ஓரத்தில் நிற்பது முறையாகாது.

எனினும் இப்படத்தின் பெருமை, பழியை விதிமேலோ அரசின்மேலோ மட்டும் போட்டுத் தப்பாமையே. விழாவில் தனிப் பந்தி என்றதும் நாம் கொதித்தோம், அது நியாயமே. ஆனால், நம் வீட்டிலும் வகுப்பறையிலும் 'உருப்படாதவன்' என்று ஒரு பிள்ளையைத் தனியே அமர்த்தும்போது ஏன் கொதிப்பதில்லை? பிரம்பைக் கீழே வைத்துவிட்டு இவ்வினாவுக்கு விடை தேடுவதே, இக்கலைஞருக்கு நாம் செய்யும் உண்மையான பாராட்டாகும்.