நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒருவருடைய உத்தியோகத்தின் உயரத்தைச் சொல்லச் சம்பளக் கணக்கு தேவையில்லை. “அவரு பச்சை இங்க்ல கையெழுத்துப் போடுதவருல்லா” என்றால் தெருவுக்கே விளங்கிவிடும். சான்றிதழ் நகலில் மேலொப்பம் வாங்க, ஜெராக்ஸ் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் வீட்டு வாசலிலும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்கு வெளியிலும் காத்து நின்ற தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. தன்னொப்பம் போதும் என்று வந்தபிறகு அந்தக் காத்திருப்பு குறைந்ததே தவிர, பச்சையின் மதிப்பு குறையவில்லை. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடோ இன்னும் கறார். இணைச் செயலாளரும் அவருக்கு மேற்பட்டவர்களும் மட்டுமே பச்சையோ சிவப்போ தொடலாம், அதுவும் அபூர்வமாக. மற்ற எல்லோருக்கும் நீலம், இல்லையென்றால் கறுப்பு.

ஆக, வேலை பார்க்கும் இடத்தில் தனக்கென்று ஒரு மை வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு எஞ்சுவது நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கும் ஓர் இடுக்குதான். அந்த இடுக்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது உள்ளே நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அலுவலக மைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அது நீலமாகவோ கறுப்பாகவோ மட்டும் தெரிய வேண்டும். கோப்பைக் கையில் எடுத்து வாசிக்கிறவருக்கு, பெயரைப் பார்க்கும் முன்பே, இது இன்னார் எழுதியது என்று தெரிந்துவிட வேண்டும்.

நம்மில் பலருக்கு முதல் மை ராயல் ப்ளூ. சென்னையில் தயாராகும் பிரில், பம்பாயிலிருந்து வந்த கேமல், செல்பார்க் என்று கடை அலமாரியில் வரிசையாக நின்ற பாட்டில்களில் அதிகம் விற்றது அதுதான். கேமல் மையைத் தந்த தாண்டேகர் 1931-ல் தொழில் தொடங்கியபோது விற்றது குதிரை மார்க் மைப்பொடியும் மை மாத்திரையும். தண்ணீரில் கரைத்து மை செய்துகொள்ள வேண்டிய காலம் அது. ராயல் ப்ளூவின் குணம் அதன் குறையும்கூட. காரம் பட்டால் நிறம் இழக்கும் சாயம் அதில் இருக்கிறது. அதனால்தான் பள்ளிப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையிலிருந்து சோப்பில் போய்விடுகிறது. சட்டையை விட்டுப் போவது கோப்பையும் விட்டுப் போகும். சித்திரை வெயில் விழும் ஜன்னலோரம் ஒரு பக்கத்தைச் சில வாரம் வைத்துப் பாருங்கள், எழுத்து மெலிந்து வெளிறியிருக்கும். மனசுக்கு இதமான நிறம்தான், வீட்டுக் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அடங்கலிலோ ரசீதிலோ எழுத அது ஆகாது.

ப்ளூ-பிளாக்தான் என் கட்சி. அதிலும் இரும்பு மை.

நெல்லை டவுனில் ரத வீதிகளை ஒட்டியிருக்கும் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் போய் மாசிக்காய், கடுக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் என்று கேளுங்கள். கடைக்காரர் முதல் இரண்டைக் குழந்தைக்கு உரை மருந்து என்று நினைப்பார். அன்னபேதி என்றதும் செந்தூரம் போடும் வைத்தியராக்கும் என்று உங்களை ஒரு தடவை ஏறிட்டுப் பார்ப்பார். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் அது இயல்புதான். ஆனால் அவர் பொட்டலம் கட்டித் தரும் மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்ந்தால், ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் மடாலயச் சுவடிகளும் அரச சாசனங்களும் எழுதப்பட்ட மை கிடைத்துவிடும். மாசிக்காய் இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச் சரக்கான கடுக்காயை வைத்தால் அது நம் பாட்டன் காலத்துக் கடுக்காய் மை.

செய்முறையில் மர்மம் எதுவும் இல்லை. கொட்டை நீக்கிய கடுக்காயை ஒன்றிரண்டாக இடித்து ஊறப்போட்டுக் காய்ச்சி வடிகட்டி, அன்னபேதிக் கரைசலைச் சேர்த்தால் தெளிவாக இருந்த பழுப்புத் தண்ணீர் கண்ணெதிரே இருளத் தொடங்கும். கடுக்காயிலும் மாசிக்காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து ஒரே இனம். தண்ணீரில் பிரிந்து காலிக் அமிலம் தரக்கூடியது. இரும்போடு சேர்ந்தால் நீலம் ஓடிய கறுப்பு வரும். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வேறு இனம். அதே அன்னபேதியைச் சேர்த்தாலும் பச்சை ஓடிய கறுப்புதான் கிடைக்கும். கடுக்காயைத் தேர்ந்தெடுத்த கைக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண் இருந்தது, போதும்.

இந்த மையின் அழகு தாளில் விழுந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. எழுதும்போது இரும்பு இன்னும் வெளிறிய நிலையில் கரைந்திருக்கும். தாளின் இழைக்குள் இறங்கிக் காற்றைக் குடிக்கக் குடிக்க அது கறுத்து, கரையாத பொருளாக அங்கேயே இறுகிவிடும். எழுதுகிற நேரத்தில் எழுத்து மங்கலாக இருந்தால் கண்ணுக்குக் கஷ்டம் என்பதால் நீலச் சாயம் சேர்க்கும் வழக்கம் வந்தது. லண்டனில் ஹென்றி ஸ்டீபன்ஸ் 1832-ல், நீலமாக எழுதிப் பிறகு கறுக்கும் மையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பிறப்பும் இறப்பும் பதியும் ஏடுகளில் நெடுங்காலம் எழுதப்பட்டது இந்த வகை மைதான். காலையில் எழுதிய குறிப்பு நீலமாக இருக்கும், மாலையில் அதே பக்கத்தைத் திறந்தால் சாம்பல் கலந்திருக்கும், மறுவாரம் கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரே கோப்பில் நேற்றைய வரியும் இன்றைய வரியும் நிறத்தாலேயே பிரிந்து நிற்கும். இந்த நடமாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

பனங்காட்டு ஊர்க்காரர்களான நம்மிடம் இன்னொரு மை மரபும் இருந்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியோடு இலைச்சாறு சேர்த்துத் தேய்த்துத் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். கரி மங்காது, எதனோடும் வினைபுரியாது. இன்றைக்கு ஜப்பானில் பிளாட்டினமும் செய்லரும் விற்கும் கார்பன் மைகள் அந்த வம்சம். செய்லரின் ‘சேய்போக்கு’ என்ற நீலக்கறுப்பு அரைத்த நிறமித் துகளால் ஆனது, தண்ணீருக்கு அசையாது. கோப்பில் மழைச்சொட்டு விழுந்தாலும் கவலையில்லை. ஆனால் பேனாவைப் பத்து நாள் மறந்து வைத்தால் நிப்புக்கு அடியில் மையை இறக்கும் நாக்கில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். தினமும் எழுதுகிறவருக்கு மட்டும் ஏற்ற மை.

இரும்பு மைக்கும் ஒரு பாவக்கணக்கு உண்டு. அமிலமும் மிஞ்சிய இரும்பும் காலப்போக்கில் தாளை அரிக்கும். பாக் எழுதிய இசைப் பிரதிகள் சிலவற்றில் சுரக்குறிகள் இருந்த இடம் துளையாகிவிட்டது. பழைய பேனாக்களில் தங்க நிப் வைத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை, அன்றைய மை எஃகைத் தின்னும். இன்றைய தயாரிப்புகள் மிக மென்மையானவை. அவற்றைத் துணிந்து நிரப்பலாம். வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையை மட்டும் ஒருபோதும் ஊற்றுப் பேனாவுக்குள் விடக் கூடாது. பிசினும் வண்டலும் நாக்கின் பள்ளங்களை நிரந்தரமாக மூடிவிடும். அதற்குத் தொட்டு எழுதும் கட்டைப் பேனாதான் சரி.

பாட்டிலில் ப்ளூ-பிளாக் என்று அச்சடித்திருப்பதெல்லாம் இரும்பு மை அல்ல. பெரும்பாலானவை இன்று வெறும் சாயக் கலவை. சந்தேகம் இருந்தால் ஒரு வரி எழுதி ஒருநாள் விட்டுத் தண்ணீரில் நனையுங்கள். நீலம் கரைந்தோடிய பிறகும் சாம்பல்கறுப்பாக ஒரு வரி பிடிவாதமாக நின்றால் அதில் இரும்பு உண்டு. ஜெர்மனியின் பெலிக்கன் 4001 ப்ளூ-பிளாக்கும், ஜப்பானின் பிளாட்டினம் ப்ளூ-பிளாக்கும், ரோரர் அண்ட் கிளிங்னரின் ‘சாலிக்ஸ்’, ‘ஸ்கேபியோசா’ இரண்டும் இந்தச் சோதனையில் தேறுபவை. இவற்றுள் ஸ்கேபியோசாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். புழுதி படிந்த ஊதா. எழுதிச் சில நாளில் சாம்பலுக்குள் ஒடுங்கிவிடும். கண்டிப்பான மேலதிகாரியின் மேஜைக்கும் போகலாம், ஆனாலும் எழுதியவர் யார் என்பது ஒளியாது.

மை வாங்குகிறவர்கள் நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் காற்றையும் பார்க்க வேண்டும். மே மாதம் பாளையங்கோட்டையில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசித் திரும்பினால் நிப் காய்ந்து, முதல் எழுத்து பிடிக்காது. அதே பேனாவை ஆடிச் சாரலில் குற்றாலத்துக்குக் கொண்டுபோனால் ஈரம் குடித்த தாளில் எழுத்தெல்லாம் ஊறி வேர்விடும். ஆகவே கோடைக்குத் தாராளமாக இறங்கும் மை, சாரலுக்குச் சிக்கனமாக இறங்கும் மை என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பெலிக்கன் 4001 சிக்கனக்காரன், தென்காசிக்கு அவன்தான் சரி. பைலட் நிறுவனம் 2007-ல் தொடங்கிய இரோஷிசுக்கு வரிசை நன்றாக ஒழுகும். அதில் ‘ஷின்-காய்’ என்ற சாம்பலோடிய கருநீலம் நெல்லை வெயிலிலும் தடங்காது, அலுவலக மரியாதையும் கெடாது. இரும்பு இல்லாததால் காலத்துக்கு நிற்க வேண்டிய கையெழுத்துக்கு மட்டும் அதை விலக்கிவிடலாம்.

தாளைப் பொறுத்தவரை நமக்கு ஓர் அதிர்ஷ்டம். அரசு அலுவலகங்களில் புழங்கும் டிஎன்பிஎல் தாள் கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு தயாராவது. பல வெளிநாட்டு நகல் தாள்களைவிட அதில் மை அடக்கமாக நிற்கிறது என்பது என் அனுபவம். மலிவான குயர் நோட்டில்தான் மை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அங்கே இரும்பு மை மறுபடியும் கைகொடுக்கும், அது பெரும்பாலும் கீறிய கோட்டுக்குள்ளேயே நிற்பது.

கரும்பச்சை, கரும்பழுப்பு பற்றியும் கேட்பார்கள். கரும்பச்சையை அரசு அலுவலகத்தில் தவிர்ப்பது நல்லது. எவ்வளவு இருண்டதாக இருந்தாலும் அது பதவியைப் பற்றிய பேச்சாகிவிடும். தனியார் நிறுவனத்தில், வக்கீல் அறையில், கல்லூரித் துறையில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஒரு பழுப்பு மிகக் கௌரவமானது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சிறிய அளவில் மை தயாரிக்கும் கிருஷ்ணாவின் பாட்டில்களையும், 1934-ல் சுதேசி மையாகப் பிறந்து இடையில் நின்றுபோய் 2020-ல் மறுபடி மை பாட்டிலோடு வந்த கல்கத்தா சுலேகாவையும் இதற்குத் தேடிப் பார்க்கலாம். மினுமினுக்கும் துகள் கலந்தவை, காய்ந்த பின் செம்பளபளப்புக் காட்டுபவை இரண்டும் வேலைக்கு வேண்டாம். செம்பளபளப்பு மைகளில் பல முழுதாகக் காய்வதேயில்லை. நம் ஊர் வியர்வைக் கை பட்டால் பக்கம் முழுக்க இழுகும்.

காசோலைக்கு வேறு கணக்கு. இப்போது காசோலை வங்கிக்கு வங்கி பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் போகிறது. அந்தப் படத்தில் வண்ணம் கிடையாது. படத்தில் தெளிவாக விழும் மையால் எழுதச் சொல்லி ரிசர்வ் வங்கி கேட்டுக்கொள்வது அதனால்தான். வான்நீலமும் இளம்பச்சையும் ஸ்கேனரில் கரைந்து காணாமல் போகும். முதிர்ந்த இரும்பு மையோ நன்றாகவே பதியும்.

கையெழுத்தைக் கண்டதும் ஆளைச் சொல்லும் வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் ஆழமாக ஊன்றியது. குற்றாலத்திலிருந்து ரசிகமணி டி.கே.சி. எழுதிய கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன. டவுன் சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க.சி. 2014-ல் மறையும்வரை எழுதிக் குவித்த அஞ்சலட்டைகள் தமிழ்நாடெங்கும் எத்தனையோ இளம் எழுத்தாளர்களின் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அவர் மகன் வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கதையும் கவிதையும் எழுதியவர், கடிதங்களுக்காகவும் கொண்டாடப்படுபவர். பகலில் பேரேட்டுக்கும் இரவில் நண்பருக்கும் எழுதுவது ஒரே கைதான். அந்தக் கையை அலுவலக வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடல்.

புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் கேட்டால் இரண்டு பாட்டில் போதும் என்பேன். ஒப்பமிடவும் பதிவேட்டுக்கும் பிளாட்டினம் அல்லது பெலிக்கன் ப்ளூ-பிளாக். அன்றாடக் குறிப்புக்கு ஸ்கேபியோசாவோ ஷின்-காயோ, எது கண்ணுக்குப் பிடிக்கிறதோ அது. இரண்டையும் ஒரு பேனாவில் மாற்றி மாற்றி ஊற்றாமல் தனித்தனிப் பேனா வைத்துக்கொள்ள வேண்டும். இரும்பு மை ஓடும் பேனாவை மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில், கழுவிய தண்ணீர் தெளிந்து வரும்வரை, பொறுமையாகக் கழுவ வேண்டும். சோப்பு வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.