மாமையும் பொது நிறமும்

சங்க அகப்பாடல்களிற் பயிலும் 'மாமை' என்னும் சொல்லுக்குக் கருமை, அழகு, மாந்தளிரின் நிறம் எனப் பல பொருள்கள் கூறப்படுகின்றன. உரைகாரர் பெரிதும் தழுவியது மாந்தளிர் நிறத்தையே. ஆயின் மாந்தளிரின் நிறந்தான் யாது? அரும்புங்கால் அது செம்பு நிறங்கொண்டு துவண்டு தொங்கும். சில நாள்களில் வெளிறிய பசுமை எய்தும். பின்னரே கரும்பச்சையாய் முற்றும். எனவே இவ்வுவமை நிறத்தை மாத்திரம் சுட்டவில்லை. தளிரின் மென்மையும், வெயில் பட்ட மினுமினுப்பும், நில்லாது மாறும் இயல்பும் அதனுள் அடங்கும்.

குறுந்தொகை 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் மாமையைக் கவினோடு சேர்த்தே மொழிகிறார். அதனைப் பசலை உண்கிறது. பசலையும் ஒரே வண்ணமாக நிற்பதன்று. பீர்க்கம்பூவுக்கு ஒப்பிடப்படுகையில் அது மஞ்சள். 399ஆம் பாடலிற் பரணர் கேணிப் பாசிக்கு ஒப்பிடுகையிற் பசுமை. அங்கும் பரணர் கருதியது பாசியின் வண்ணத்தையன்று, கைபட அகன்று கைநீங்கப் படரும் அதன் இயக்கத்தையே. இப்புலவர்களுக்கு நிறம் என்பது உடலில் நிகழும் ஒரு நிகழ்ச்சி.

மாமையிலிருந்து கருமையை அகற்றித் தளிரின் செம்மையை மட்டும் எஞ்சவிடும் விளக்கங்கள் ஐயத்துக்குரியன. தலைவியை 'மாயோள்' எனப் பாராட்டுவது அப்பாடல்களின் வழக்கு. கருநிறத்துக்குக் கூசுவது பிற்காலத்தார் இயல்பேயன்றி அப்புலவர்களினது அன்று.

அக்கூச்சம் இன்றைய வழக்கில் நன்கு புலனாகும். மாமையின் முதலெழுத்தை ஏந்தி நிற்கும் 'மாநிறம்' இன்று கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடைப்பட்ட ஒரு தரத்தின் பெயர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அதனிடத்தைப் 'பொது நிறம்' பெற்றுள்ளது. பொது என்பது ஒரு நிறமே அன்று! தளிரோ பூவோ பாசியோ எதுவும் அதனாற் கண்முன் தோன்றுவதில்லை. கலியாணப் பேச்சில் "பொம்பிளை என்ன நிறம்?" என்ற வினாவுக்கு "பொது நிறம்" என்ற விடை கிடைக்குமாயின், கேட்டவர் அடைவது கறுப்பன்று என்ற ஆறுதலை மட்டுமே. தரகர் நாவிற் கறுப்பு பொது நிறமாகவும், பொது நிறம் வெள்ளையாகவும் ஒவ்வொரு படி உயர்வதுண்டு. மாப்பிள்ளையைக் குறித்து முதலில் எழும் வினா உத்தியோகம் பற்றியதே. அவருடைய நிறம் பெரும்பாலும் வினவப்படுவதில்லை.