கால்களைப் பார்க்கும் ரசிகர்கள்

2020 ஜனவரி 4, ஹியூஸ்டன். அமெரிக்கக் கால்பந்தின் பிளேஆஃப் ஆட்டம். மூன்றாம் கால்பகுதியில் 16-0 என்று முன்னால் நின்ற பஃபலோ பில்ஸ் அணி, கடைசி நிமிடங்களில் 16-19 என்று பின்தங்கிவிட்டது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தவேண்டிய குவாட்டர்பேக்காக இருந்தும், அதைத் தூக்கிக்கொண்டு தானே ஓடிய ஜாஷ் ஆலனுக்கு அப்போது வயது 23. எதிரணியினர் மடக்க வந்த நேரத்தில் பந்தை அணைத்துக்கொண்டு விழுந்திருக்கலாம். அவரோ பக்கத்தில் ஓடிவந்த டாசன் நாக்ஸை நோக்கிப் பின்பக்கமாகப் பந்தைத் தட்டிவிட்டார். நாக்ஸ் அதை எதிர்பார்க்கவே இல்லை. பந்து எதிரணியின் கைக்குப் போகாமல் தப்பியதே பெரிய காரியம். எப்படியோ ஆட்டத்தைச் சமன் செய்த பில்ஸ், கூடுதல் நேரத்தில் 19-22 என்று தோற்றது.

பஃபலோ ரசிகர்களிடையே இரண்டு ஆண்டுகளாக நடந்துவந்த வாதம் அந்த ஒரு வீச்சில் திரண்டு நின்றது. இக்கட்டில் புத்தி நிற்காதவர் ஒருநாளும் தேறமாட்டார் என்றது ஒரு தரப்பு. அந்த நிலையிலும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத நெஞ்சுரம் பிறவியிலேயே வரவேண்டியது, நிதானத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றது மறு தரப்பு.

இளம் குவாட்டர்பேக் தடுமாறும்போது எழும் இந்த வாதம் அமெரிக்கக் கால்பந்தின் தனிச் சுவை. மதுக்கடையிலும் அலுவலகத்திலும் வானொலியிலும் ஒரே கேள்விதான் ஓடும்: இவர் தேறுவாரா? உரக்கப் பேசுகிறவர்கள் நிறைய. ஆனால் இந்த வாதத்தை ஒரு கலையாகவே பழகிய ரசிகர்களும் இருக்கிறார்கள். பந்து எங்கே போய் விழுந்தது என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. பந்து கையை விட்டுப் புறப்படுவதற்கு முந்தைய இரண்டரை விநாடியை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். கிரிக்கெட்டில் பந்து மட்டையில் படுமுன் பேட்ஸ்மேனின் கால் நகர்ந்துவிட்டதா என்று பார்க்கும் அதே கண் அது.

அந்த இரண்டரை விநாடியிலும் அதற்குச் சற்று முன்பும் நடப்பதைச் சொன்னால்தான் சுவை புரியும். களத்தில் பதினோரு பேருக்கு எதிரே பதினோரு பேர். பயிற்சியாளரின் குரல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கியில் கேட்கும். ஆட்டத்தைத் தொடங்க வேண்டிய கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்தக் குரல் துண்டிக்கப்படும். அதன்பின் எல்லாம் அவர் பொறுப்பு. எதிரணியின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகள் இரண்டு பேரா, ஒருவரா என்று முதலில் எண்ணுவார். இரண்டு பேர் ஆழத்தில் நின்றால் நடுக்களத்தில் ஒருவித இடைவெளி கிடைக்கும். ஒருவர் மட்டும் நின்றால் ஓரங்களில் வேறுவிதமாகக் கிடைக்கும்.

பந்து கைக்கு வருகிறது. அவர் ஐந்து காலடி பின்வைக்கிறார். முன்னால் ஐந்து லைன்மேன்கள் அரணாக வளைந்து நிற்கிறார்கள். அதற்குள் இருக்கும் சிறு இடம்தான் பாக்கெட். ஐந்தாவது காலடியில் பின்கால் ஊன்றும்போது, பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவரைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். அவர் மறிக்கப்பட்டிருந்தால் கண் இரண்டாமவரிடம் போகும். கண் போகும் பக்கமே காலும் சிறு துள்ளலாகத் திரும்ப வேண்டும். பந்து இரண்டு கைகளிலும் நெஞ்சருகே இருக்கும். பிறகு முன்கால் இலக்கை நோக்கி வைக்கப்பட, இடுப்பு சுழல, கடைசியில்தான் கை வருகிறது. நல்ல வீச்சில், ரிசீவர் இன்னும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். அவர் திரும்பும் இடத்தில் பந்து காத்திருக்கும்.

இளைஞர்கள் விழும் பொறியும் இதற்குள்ளேதான் இருக்கிறது. இரண்டு சேஃப்டிகளைக் காட்டி ஆசை மூட்டும் எதிரணி, பந்து குவாட்டர்பேக்கின் கைக்கு வந்த மறுகணமே ஒருவரை முன்னால் இறக்கி நடுக்களத்தை அடைத்துவிடும். முன்பு பார்த்த சித்திரத்தை நம்பியே இளைஞர் எறிவார். பந்து எதிரணியின் கையில்: இன்டர்செப்ஷன்! அரங்கம் ஓலமிடும். தேர்ந்த ரசிகர் மட்டும் திரும்ப ஒருமுறை போட்டுப் பார்ப்பார். கால்கள் ஒழுங்காக இருந்தனவா? கண் முறைப்படி நகர்ந்ததா? இருந்தது, நகர்ந்தது என்றால் அந்தத் தவறு பாடமாக மாறும். கண் முதல் ரிசீவரிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தாலோ, யாரும் நெருங்காதபோதே கால்கள் தப்பியோட முனைந்தாலோ அவர் கவலைப்படுவார்.

ஆலன் விஷயத்தில் எண்களை நம்பியவர்கள் முட்டாள்கள் அல்ல. கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூர்ப் பையனான அவரைப் பள்ளி முடிந்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அழைக்கவில்லை. ரீட்லி கல்லூரி வழியாக வயோமிங் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் எறிந்தவற்றில் இலக்குச் சேர்ந்தவை 56.2 சதவீதம்தான். கல்லூரியிலேயே குறி தவறுகிறவர் தொழில்முறை ஆட்டத்தில் திருந்தியது மிக அரிது என்பதே அதுவரையிலான பாடம். ஆனாலும் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2018-இல் பில்ஸ் 12-ஆம் இடத்திலிருந்து முன்னேறி, 7-ஆவது ஆளாக அவரை எடுத்தது. முதல் ஆண்டில் 52.8 சதவீதம், 10 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். எண்கள் தங்கள் கணிப்பை நிரூபித்துவிட்டதாக எதிர்த்தரப்பு சொன்னதில் வியப்பில்லை.

ஆதரித்தவர்களிடம் இருந்தவை காட்சிகள். ஈரி ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று அடிக்கும் ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்தில் காற்றைக் கிழித்துப் போகும் வீச்சு. 2018 செப்டம்பரில் மினசோட்டாவில் ஆன்டனி பார் என்ற ஆஜானுபாகுவான லைன்பேக்கரைத் தாண்டிக் குதித்த கால்கள். பில்ஸ் அன்று 27-6 என்று வென்றது. ஆலன் தொலைதூரப் பந்துகளையே அதிகம் எறிந்தார் என்பதையும் அவர்கள் எடுத்துச்சொன்னார்கள். பத்து யார்டுக்குள் பாதுகாப்பாக எறிபவரின் சதவீதத்தோடு அவருடையதை ஒப்பிட முடியாது.

பஃபலோவின் ஆசைக்குப் பின்னால் நீண்ட ஏக்கமும் இருந்தது. ஜிம் கெல்லியின் காலத்தில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குத் தொடர்ந்து நான்கு முறை போய் நான்கிலும் தோற்ற அணி அது. பிறகு 17 ஆண்டுகள் பிளேஆஃபையே பார்க்கவில்லை. ஜே.பி. லாஸ்மன், டிரென்ட் எட்வர்ட்ஸ், ஈஜே மானுவல் என்று வந்த இளைஞர் ஒவ்வொருவரிடமும் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஏமாந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 2013-இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட மானுவல், அடுத்த ஆண்டு நான்கே ஆட்டங்களில் இடத்தை இழந்தார். நம்பத் தயங்கியவர்களுக்கு அந்தத் தயக்கத்தைத் தந்தது அனுபவம்.

மாற்றம் கால்களில்தான் தொடங்கியது. ஆலனின் கை எப்போதும் வலுவானது. அந்த வலுவை நம்பியே முன்காலை அகல வைத்து, இடுப்பைச் சுழற்றாமல் கையால் மட்டும் எறிந்துவந்தார். அதனால் பந்து தலைக்கு மேலே பறந்தது. ஓய்வு மாதங்களில் ஜோர்டன் பாமர் என்ற முன்னாள் குவாட்டர்பேக்கிடம் காலடியையும் இடுப்புச் சுழற்சியையும் திரும்பத் திரும்பப் பழகினார். அணியும் சும்மா இருக்கவில்லை. 2019-இல் லைன்மேன்களை மாற்றி, ஜான் பிரவுனையும் கோல் பீஸ்லியையும் கொண்டுவந்தது. 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார். பிரையன் டேபல் என்ற ஒரே தாக்குதல் பயிற்சியாளர் நான்கு ஆண்டுகள் அவருடன் இருந்தார். 2019-இல் 58.8 சதவீதம். 2020-இல் 69.2 சதவீதம், 4,544 யார்டு, 37 டச்டவுன். டிக்ஸ் அந்த ஆண்டு 127 பந்துகளைப் பிடித்து லீகிலேயே முதலாவதாக நின்றார். 2024 சீசனின் மிகச்சிறந்த வீரர் விருதும் ஆலனைத் தேடிவந்தது.

இந்தக் கதையை வைத்து எல்லா இளைஞர்களும் தேறிவிடுவார்கள் என்று பேசுவது தவறு. ஆலனோடு 2018-இல் முதல் சுற்றில் வந்த இன்னும் நால்வரைப் பார்த்தாலே போதும். 10-ஆவதாக வந்த ஜாஷ் ரோசனுக்கு அரிசோனாவில் தாக்குதல் பயிற்சியாளர் சீசன் நடுவிலும் தலைமைப் பயிற்சியாளர் சீசன் முடிவிலும் நீக்கப்பட்டார்கள். மறுவருடமே கைலர் மர்ரியை எடுத்துக்கொண்டு ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பிறகு நிலைபெறவே இல்லை. 32-ஆவதாக வந்த லமார் ஜாக்சனுக்கு பால்டிமோர் அவர் கால்களுக்கேற்ற ஆட்டத்தையே வகுத்துக் கொடுத்தது. இரண்டாம் ஆண்டிலேயே அவர் லீகின் மிகச்சிறந்த வீரர். முதலாவதாக வந்த பேக்கர் மேஃபீல்டு கிளீவ்லாந்தில் தொடங்கி நான்காவது அணியான தாம்பாவில்தான் மறுபடி எழுந்தார். 2024-இல் அங்கே 41 டச்டவுன் எறிந்தார்.

மூன்றாவதாக வந்த சாம் டார்னால்டின் கதையை ரசிகர்கள் தனியாகவே பேசுவார்கள். 2019 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸுக்காக நியூ இங்கிலாந்து அணியை எதிர்த்து ஆடிய திங்கள்கிழமை இரவு அது. ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்த அவர், பெஞ்சில் உட்கார்ந்து தனக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னது நாடு முழுக்கக் கேட்டது. இல்லாத தடுப்பாட்டக்காரர்கள் இருப்பதுபோலத் தோன்றும் நிலை அது. நான்கு இன்டர்செப்ஷன், 0-33 தோல்வி. அடிபட்டு அடிபட்டுக் கண் தன் வேலையை மறப்பதுதான் குவாட்டர்பேக்குக்கு வரும் மிகக் கொடிய நோய். பெரும்பாலோர் அதிலிருந்து மீளவில்லை. டார்னால்டு கரோலினாவிலும் தடுமாறி, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓராண்டு மாற்று ஆட்டக்காரராக அமர்ந்து பார்த்தார். 2024-இல் மினசோட்டாவில் ஜே.ஜே. மெக்கார்த்தி காயப்பட்டதால் வாய்ப்பு வந்தது. கெவின் ஓ'கானலின் பயிற்சியில், ஜஸ்டின் ஜெஃபர்சன் போன்ற ரிசீவரோடு, 35 டச்டவுன். அணிக்கு 14 வெற்றி, 3 தோல்வி.

வாதம் சூடேறும்போது பழைய கதைகளும் வரும். 1970-இல் டெர்ரி பிராட்ஷா 6 டச்டவுனுக்கு 24 இன்டர்செப்ஷன் எறிந்தார், பிறகு நான்கு சூப்பர் பவுல் வென்றார். டிராய் எய்க்மேன் 1989-இல் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றார், பிறகு மூன்று சூப்பர் பவுல். 1998-இல் பேட்டன் மேனிங் 28 இன்டர்செப்ஷனோடு 3-13, மறுவருடம் 13-3. இவை உண்மைதான், ஆனால் கவனமாகக் கையாள வேண்டியவை. ரிசீவர்களைத் தடுப்பதற்கான விதிகள் 1978-இல் இறுக்கப்பட்டதால் பிராட்ஷாவின் எண்களை இன்றைய எண்களோடு நேராக வைக்க முடியாது. மேனிங்கோடு அதே 1998-இல் இரண்டாவதாக வந்த ரயன் லீஃப், 2 டச்டவுனுக்கு 15 இன்டர்செப்ஷன் எறிந்து பிறகு எழவே இல்லை. முதல் வருடத் தோல்வி மட்டும் அந்த இருவரையும் பிரித்துக் காட்டியிருக்காது.

பொறுமைக்கு இன்று விலையும் வைத்துவிட்டார்கள். 2010-இல் முதலாவதாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011-இல் வந்த புதிய தொழிலாளர் உடன்படிக்கைக்குப் பின் அதே இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி. மலிவாகக் கிடைக்கும் அந்த நான்கு ஆண்டுக்குள்தான் மற்ற நட்சத்திரங்களை வாங்கிக் குவிக்க முடியும். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிப்பதா என்று அணி முடிவு சொல்லியாக வேண்டும். ஆகவே இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இந்த வாதம் கொதிக்கிறது. ஆலன் எழுந்ததும் சரியாக மூன்றாம் ஆண்டில்.

ஒரு தலைமுறைக்கு முன்பு சான் ஃபிரான்சிஸ்கோவின் அலெக்ஸ் ஸ்மித்துக்கு முதல் நான்கு ஆண்டில் நான்கு தாக்குதல் பயிற்சியாளர்கள் வந்துபோனார்கள். 2002-இல் ஹியூஸ்டனின் டேவிட் கார் முதல் சீசனிலேயே 76 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். இன்றுவரை அதுவே லீக் சாதனை. ஸ்மித் 2011-இல் ஜிம் ஹார்பாவின் கீழ் 13-3 என்று எழுந்தார், கார் எழவில்லை. இளைஞரை எடைபோடும்போது அவரைச் சுற்றியிருக்கும் அரணையும் சேர்த்து எடைபோடச் சொல்பவரே நல்ல ரசிகர்.

இப்போது அந்தக் கண்கள் கரோலினாவின் பிரைஸ் யங் மேல் இருக்கின்றன. 2023-இல் முதலாவதாக எடுக்கப்பட்டவர். உயரம் 5 அடி 10 அங்குலம். முதல் சீசனில் 62 முறை வீழ்த்தப்பட்டார், தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டங்களோடு நீக்கப்பட்டார், அணி 2-15. 2024-இல் இரண்டே ஆட்டத்தில் யங்கை உட்காரவைத்தார்கள். சில வாரங்கள் கழித்து மூத்த வீரர் ஆண்டி டால்டன் காயப்பட்டதும் யங் திரும்பினார். சீசனின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 44-38 என்று வென்றபோது மூன்று டச்டவுன் எறிந்து, இரண்டைத் தானே ஓடி எடுத்தார். உயரம் போதாது என்பவர்களிடம் இன்னும் வலுவான வாதம் இருக்கிறது. மற்றவர்கள் உட்காரவைக்கப்படுமுன் அவர் ஆடிய செப்டம்பர் ஆட்டத்தையும் சீசனை முடித்த அந்த ஜனவரி ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறார்கள்: முதல் ரிசீவர் மறிக்கப்பட்டதும் பின்னால் ஓடியவர், இப்போது லைன்மேன்களுக்குப் பின்னாலேயே ஓரடி முன்வைத்து இரண்டாமவரைத் தேடுகிறார்.