விதியும் காட்டும்: காமன் லிஸ்ப் மேற்கோள் ஆவணத்தின் பராமரிப்புச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

நிரல்மொழியின் மேற்கோள் ஆவணம் மொழியின் இலக்கணமாகவும் அதற்குரிய உரையாகவும் ஒருங்கே செயல்படுகிறது. இலக்கணம் நிலைபெற வேண்டும். உரை காலந்தோறும் திருந்த வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒரே பனுவலில் மோதும்போது எழும் சிக்கலை, காமன் லிஸ்ப் தர ஆவணத்தையும் அதன் இணைய வடிவமான ஹைப்பர்ஸ்பெக்கையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ராக்கெட், ஈமேக்ஸ் லிஸ்ப் ஆகியவற்றின் ஆவண மரபுகள் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லிஸ்ப், மேற்கோள் ஆவணம், தர ஆவணம், காட்டு, காண்டிகையுரை, ஆவணச் சரம்.

முன்னுரை

காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகியவற்றை நன்னூல் சுட்டுகிறது. நூற்பா விதியைச் சொல்ல, காட்டு அவ்விதி வழக்கில் நிற்குமாற்றைக் காட்டுகிறது. காட்டு பிழைபட்டால் பின்வரும் உரையாசிரியர் அதை மறுத்து வேறு காட்டுத் தருவார். மூலம் அப்படியே நிற்கும். மூலமும் உரையும் வெவ்வேறு கைகளில் இருப்பதால் இது இயல்கிறது. இரண்டும் ஒரே பனுவலாக இறுகி, அப்பனுவலைத் திருத்தும் உரிமையும் எவரிடமும் இல்லாமற்போனால் என்னாகும் என்பதே இக்கட்டுரையின் வினா.

தர ஆவணத்தின் உருவாக்கம்

பல கிளைகளாகப் பிரிந்திருந்த லிஸ்ப் வகைகளை ஒன்றுபடுத்தும் முயற்சியில் கை ஸ்டீல் எழுதிய நூல் 1984இல் வெளிவந்தது. 1986இல் அமைந்த எக்ஸ்3ஜே13 குழு அம்மொழியை முறைப்படித் தரப்படுத்த முற்பட்டது. 1994இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் அதனை ஏற்றது. தர ஆவணத்தின் பதிப்பாசிரியரான கென்ட் பிட்மன், அதனை மீயுரை வடிவில் ஹைப்பர்ஸ்பெக் என 1996இல் உருவாக்கினார். ஹார்லெக்வின் நிறுவனம் வெளியிட்ட அவ்வடிவமே இன்றளவும் நிரலாளர்கள் முதலில் நாடும் ஆவணமாக உள்ளது.

தொடரியல், உள்ளீடுகள், விளக்கம், எடுத்துக்காட்டுகள், விதிவிலக்கான சூழல்கள், தொடர்புடையவை, குறிப்புகள் என ஒவ்வொரு பதிவும் ஒரே ஒழுங்கில் அமைகிறது. குழுவின் விவாதச் சிக்கல்களும் அவற்றின் தீர்வுகளும் தனி ஆவணங்களாக ஹைப்பர்ஸ்பெக்கில் இணைக்கப்பட்டுள்ளன. காண்டிகையின் ஐந்து உறுப்புகளையும், வினா விடை உட்பட, இதில் காண இயலும். ஒரு விதி ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை விதியோடு சேர்த்துப் பேணிய இம்முறை இவ்வாவணத்தின் தலையாய சிறப்பாகும்.

காட்டு விதியை மீறும் இடம்

'என்கான்க்' என்னும் செயற்கூறு பட்டியல்களை ஒன்றோடொன்று இணைப்பது. புதிய பட்டியலை உருவாக்காமல், முதற்பட்டியலின் இறுதியையே மாற்றி அடுத்ததோடு அது பொருத்துகிறது. அதன் பதிவிலுள்ள எடுத்துக்காட்டு, மேற்கோள் குறியிட்டு நிரலில் நேரடியாக எழுதிய இரு பட்டியல்களை மாறிகளில் வைத்து, பின் அவற்றை இணைக்கிறது. ஆனால் அதே ஆவணத்தின் மூன்றாம் இயல், நிரலில் நேரடியாக எழுதப்பட்ட தரவை அழித்து மாற்றினால் விளைவு வரையறுக்கப்படாதது என்கிறது. காட்டு, தான் விளக்க வந்த மொழியின் விதியையே மீறுகிறது.

இது சிறு பிழையன்று. புதிதாகக் கற்போர் பெரும்பாலும் விளக்கத்தைக் கடந்து எடுத்துக்காட்டிற்கே செல்கின்றனர். அதைப் பின்பற்றி ஒருவர் ஒரு செயற்கூற்றினுள் அவ்வாறு எழுதினால், முதல் அழைப்பில் மாறிய பட்டியல் அடுத்த அழைப்பிலும் மாறியபடியே நிற்கக்கூடும். காரணம் எளிதில் புலப்படாத வழு இது.

இதற்கு ஆவணம் முன்கூட்டியே ஒரு விடை வைத்திருக்கிறது. பதிவுகளிலுள்ள எடுத்துக்காட்டுகளும் குறிப்புகளும் தரத்தின் பகுதியல்ல என முதல் இயலே அறிவிக்கிறது. அதே இடத்தில், தேவையெனில் அவற்றை நீக்கலாம் எனினும், எடுத்துக்காட்டுகள் ஏனைய பகுதிகளுக்கு முக்கியமான தெளிவையும் ஒத்திசைவுச் சோதனையையும் தருவதால், முற்றிலும் தவிர்க்க இயலாதபோதன்றி அவ்வாறு நீக்குவது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்றும் கூறுகிறது. அதிகாரம் இல்லை, ஆயினும் இன்றியமையாதது என்னும் இந்நிலையே சிக்கலின் வேர். அதிகாரமற்ற பகுதியைத் திருத்துவதால் தரம் மாறாது. எனவே அதைத் தடையின்றித் திருத்தியிருக்கலாம். ஆனால் முழுமையாகவும் மாற்றமின்றியும் இருந்தால் மட்டுமே படியெடுக்கலாம் என்பது ஹைப்பர்ஸ்பெக்கின் உரிம நிபந்தனை. விதிக்கு உரிய உறைநிலை, காட்டிற்கும் சேர்த்து விதிக்கப்பட்டுவிட்டது.

இரு மாற்று மரபுகள்

லிஸ்ப் வழிவந்த ராக்கெட் மொழியின் 'ஸ்கிரிபிள்' கருவி, ஆவணத்தையே ஒரு நிரலாகக் கருதுகிறது. எடுத்துக்காட்டுகள் ஆவணம் உருவாகும்போதே இயக்கப்பட்டு விடைகள் பதிவாகின்றன. ஆதலால் காலாவதியான விடை ஆவணத்தில் தங்குவதில்லை. எனினும் இதன் எல்லையையும் உணர வேண்டும். மேற்கண்ட 'என்கான்க்' காட்டை இயக்கினால், ஆவணம் கூறும் விடையே பொதுவாகக் கிடைக்கும். இயக்கிப் பார்த்தல் என்ன நிகழ்ந்தது என்பதைக் காட்டுமே தவிர, எது உறுதியளிக்கப்பட்டது என்பதைக் காட்டாது. அதற்கு இரு இயல்களையும் ஒருசேர வாசிக்கும் மனிதர் தேவை.

ஈமேக்ஸ் லிஸ்ப் மரபில் கையேடு மூலநிரலோடு ஒரே களஞ்சியத்தில் வளர்கிறது. மாற்றங்களை அறிவிக்கும் கோப்பில், கையேடு திருத்தப்பட்டுவிட்டது எனில் மூன்று கூட்டற்குறிகளும், திருத்தம் தேவையில்லை எனில் மூன்று சிறுகோடுகளும் இடப்படுகின்றன. குறியில்லாத மாற்றம், எவரும் இன்னும் கவனிக்காத மாற்றம். எளிய இவ்வழக்கம் பராமரிப்பை ஒரு பொறுப்பாகக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது.

செயற்கூற்றினுள்ளேயே எழுதப்படும் ஆவணச் சரம் லிஸ்ப் மொழிகளின் பழைய கொடை. ஆனால் காமன் லிஸ்ப் தரம், செயலாக்கங்கள் ஆவணச் சரங்களை எப்போது வேண்டுமானாலும் கைவிட இசைவளிக்கிறது. இங்கும் உரை, மொழியின் உள்ளே இடம்பெற்றும் உரிமை பெறாததாகவே நிற்கிறது.

முடிவுரை

காமன் லிஸ்ப் தரம் உறைந்திருப்பதைக் குறையாகக் கூறுவது பொருந்தாது. 1990களில் விதிக்கு இணங்க எழுதிய நிரல் இன்றும் இயங்குவது அவ்வுறைநிலையின் பயனே. குறை, விதியோடு காட்டையும் உறையச் செய்ததில் உள்ளது. தரத்தின் வரைவு மூலங்களிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் புதிய மேற்கோள் ஆவணங்கள், மூலத்தை மாற்றாமல் காட்டுகளையும் குறிப்புகளையும் தனி அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு திருத்தத்திற்கும் காரணத்தைப் பதிந்தால் இக்குறை நீங்கும். அவ்வடுக்கை இயக்கிச் சோதிக்கக் கருவி போதும்; விதியோடு ஒப்பிட்டுச் சோதிக்க உரையாசிரியரே வேண்டும். மென்பொருள் ஆவணத்தைப் பராமரிப்பவர் செய்வது எழுத்தர் பணியன்று, உரைப்பணி என்பதை ஏற்கும்போதே அதற்குரிய ஆள்பலமும் மதிப்பும் அமையும்.